கழிமுகம் வெட்டிய சித்திரை

சின்ன வயதில் என் கையெழுத்து அழகாக இருக்கும். உங்களில் என்னோடு படித்தவர்களுக்கு அது ஞாபகம் இருக்கலாம். ஆண்டு விழா அழைப்பிதழ், மைதானத்து அறிவிப்புப் பலகை, எதுவானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது ஐம்பது வயதில், விரல் நடுங்க, வங்கிப் படிவத்தை நிரப்பவே இரண்டு தரம் கிறுக்குகிறேன். அதில் எனக்கு வருத்தமில்லை. அந்த அழகான கையெழுத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பன்னிரண்டு குடிசைகளைக் கொளுத்தினார்கள்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. திருவிடந்தைக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், கடலுக்கும் கால்வாய்க்கும் இடையே ஒரு உப்பங்கழி இருந்தது. கழி கடலைத் தொடும் முனையில் மீனவர் குப்பம். உள்ளே, சவுக்குத் தோப்பின் ஓரத்தில், இருளர் குடிசைகள். ரோட்டை ஒட்டிப் பள்ளிக்கூடம், அதன் பின்னால் எங்கள் வாடகை வீடு. அப்பா அந்தப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். மதுரைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். புத்தகத்தில் இருப்பது உலகத்திலும் இருக்கும் என்று நம்புகிறவர்.

எங்கள் வீட்டுக்கு இறால் கொண்டுவருகிறவளை நான் இறால்கார அக்கா என்பேன். அவளுக்கு வலை கிடையாது, தூண்டில் கிடையாது. பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் குந்தியபடி நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுவாள். கைக்குத் தட்டுப்பட்ட இறால் நேராகப் பறிக்குள் போகும். அவள் விரல்நுனிகள் எப்போதும் வெளுத்து, ஊறவைத்த அவல் மாதிரி இருக்கும். அவள் புருஷன் பாம்புக்காரர். யார் வீட்டில் பாம்பு புகுந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்த ஒரு வேலைக்கு மட்டும்தான் ஊருக்குள் அவரைக் கூப்பிடுவார்கள்.

தை மாதம் ஒருநாள் அக்கா எங்கள் கிணற்றுக் கயிற்றைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். அப்பா பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"சார், கெணத்துல கடலு வந்துகினு கீது" என்றாள்.

அப்பா சிரித்தார். கேலியாக இல்லை, ஒரு மாணவியைப் பார்த்துச் சிரிப்பதுபோல. பழுப்பு பாட்டிலில் வைத்திருந்த, தண்ணீரில் உப்பு இருந்தால் வெளுத்துக் காட்டும் வெள்ளி நைட்ரேட்டைப் பள்ளியிலிருந்து கொண்டுவந்து, சோதனைக் குழாயில் கிணற்றுத் தண்ணீரை எடுத்து, இரண்டு சொட்டு விட்டார். லேசாகப் பால் கலந்த மாதிரி ஆனது. இது சாதாரணம், பயப்பட ஒன்றுமில்லை என்றார். அக்கா தோப்பைக் காட்டி, கழியோரத்தில் மட்டும் முளைக்கும் உமிரிச் செடி இப்போது சவுக்கு மரத்தடிக்கு வந்துவிட்டது என்றாள். உமிரி வந்தால் அதற்கு முன்னாலேயே உப்பு வந்துவிட்டது என்று அர்த்தமாம். அப்பா அதையும் கேட்டுக்கொண்டார். ஐந்து வாரம் கழித்து அதே சோதனையைச் செய்தபோது குழாயில் தயிர் உறைந்த மாதிரி வெள்ளையாக இறங்கியது. அம்மா வடித்த சோறு அதற்கு முன்பே கரித்துக்கொண்டிருந்தது. அப்பா அன்றைக்குச் சிரிக்கவில்லை.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். முந்தின வருஷம் கழியின் மேற்குக் கரையில் ஒரு இறால் பண்ணை வந்தது. கரை கட்டி, குளம் குளமாக வெட்டி, மோட்டார் வைத்துக் கடல்தண்ணீரை ஏற்றினார்கள். இறாலுக்குப் போட்ட தீனியும் மருந்தும் கழிவும் கலந்து கறுத்துப்போன தண்ணீரைக் கழிக்குள் திறந்துவிட்டார்கள். அழுகிய முட்டையும் மூத்திரமும் சேர்ந்த நாற்றம். மூடிய ஜன்னலைத் தாண்டி வந்து தலையணையில் உட்கார்ந்துகொள்ளும். கோடையில் மணல் மூடிக் கழிமுகம் அடைபட்டுவிடும் என்பதால் அந்தத் தண்ணீர் கடலுக்கும் போகாது. மடவை மீன்கள் வயிறு வெளுத்து மிதந்தன. கழியில் இறங்கிய இருளப் பெண்களுக்குத் தொடையெல்லாம் புண்.

பண்ணைக் காவல்காரர்கள் நாய் வளர்த்தார்கள். கரைக்குப் பக்கத்தில் இறால் தேடினாலே அது பண்ணை இறால், திருட்டு என்று கணக்கு. ஒருநாள் அக்காவின் மேல் நாயை ஏவிவிட்டார்கள். தண்ணீரிலிருந்து அவள் வெளியே வரும்வரை காத்திருந்து ஏவினார்கள். கெண்டைக்கால் சதை ஒரு பக்கம் தொங்க, பறியை விடாமல், எங்கள் வீட்டு வாசல்வரை நடந்து வந்தாள். அம்மா கத்தியே விட்டாள். அப்பா சைக்கிள் பின்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். போலீசில் எழுதிக் கொடுக்கலாம் என்று அவர் சொன்னதற்கு அக்கா வேண்டாம் என்றாளாம். வழியெல்லாம் அவள் காலிலிருந்து சொட்டிய ரத்தத்தை மறுநாள் காலை எறும்புகள் வரிசை கட்டித் தின்றுகொண்டிருந்தன.

மாசி மகத்துக்கு இருளர்கள் எல்லா ஊரிலிருந்தும் மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து கன்னியம்மனைக் கும்பிடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். புடவைகளைக் கம்பில் கட்டித் தடுத்து, மணலிலேயே மூன்று நாள் தங்குவார்கள். அந்த வருஷம் அக்கா அப்பாவையும் வரச்சொல்லிக் கூப்பிட்டிருந்தாள். நானும் பஸ்ஸில் கூடப்போனேன். குப்பத்துத் தலைவரும் வந்திருந்தார். அதுவே அதிசயம். மீனவர்களுக்கும் இருளர்களுக்கும் கழியில் யார் எங்கே இறங்குவது என்று பழைய சண்டை உண்டு. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்கள் நடுவில் மணலில் உட்கார்ந்தார்.

பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் முதலில் பேசினாள். முன்பல் இல்லாதவள். அவள் ஊரிலும் இறால் பண்ணை இருந்தது.

"மொத வருசம் கெணறு போச்சி. ரெண்டாம் வருசம் தென்ன போச்சி. மூணாம் வருசம் கொழந்தைங்க தோலு உரியுது. நாங்க நாலாம் வருசம்தான் முழிச்சிகினோம். நீங்க இப்பவே முழிச்சிக்கோங்க" என்றாள்.

தெற்கே மரக்காணம் பக்கத்துக்காரர்கள் தாங்கள் என்ன செய்தார்கள் என்று சொன்னார்கள். கழிவு வரும் வாய்க்காலை மணல் மூட்டையால் அடைக்கவேண்டும், அதோடு கழிமுகத்தைக் கையால் வெட்டித் திறக்கவேண்டும். தண்ணீர் ஓடினால் கழி தன்னைத் தானே கழுவிக்கொள்ளும். தப்பான நாளில் வெட்டினால் இரண்டு அலையில் மூடிவிடும். எந்த நாள் என்பதைத் தலைவர் சொன்னார். அமாவாசையை ஒட்டிக் கடல் நன்றாக உள்வாங்கும் காலைநேரம். எந்த இடம் என்பதைப் பாம்புக்காரர் சொன்னார். நண்டு வளைகளையும் அடப்பங்கொடி படர்ந்த விதத்தையும் வைத்து, மணலுக்கு அடியில் பழைய நீர்த்தடம் எங்கே போகிறது என்று விரலால் கோடு போட்டுக் காட்டினார். தலைவர் அந்தக் கோட்டை ரொம்ப நேரம் பார்த்தார். முப்பது வருஷமா நான் அங்க படக நிறுத்தறேன், எனக்குத் தெரியலயே என்றார். அப்பா தன் நோட்டில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

அந்த சந்தோஷத்தில்தான் அவர் அதைச் சொன்னார். முதலில் மனு கொடுப்போம். சட்டப்படி கலெக்டருக்கு எழுதுவோம். ஊரே கையெழுத்துப் போட்டால் யாரும் ஒதுக்கமுடியாது. அதற்குப் பிறகு வெட்டலாம்.

அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "எங்க பேர எழுதிக் குடுத்தா அத போலீஸ்காரன்தான் சார் படிப்பான்" என்றாள்.

"நான் இருக்கேன்ல" என்றார் அப்பா.

மனுவை நான் எழுதினேன். அப்பாவின் எழுத்து யாருக்கும் புரியாது. நீல மையில், குண்டு குண்டாக, தலைப்புக்குக் கீழே ஸ்கேல் வைத்து இரட்டைக்கோடு போட்டு எழுதினேன். பெயர், தகப்பன் பெயர், இருக்கும் இடம். தோப்பு ஓரம் முதல் குடிசை, இரண்டாம் குடிசை, வேப்பமரத்துக்குப் பக்கத்தில். இடம் தெளிவாக இருந்தால்தான் மனு நிற்கும் என்று அப்பா சொல்லியிருந்தார். ஒவ்வொருவராக வந்து இடது கட்டைவிரலை மைப்பெட்டியில் அழுத்தி என் எழுத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். குப்பத்துக்காரர்களும் போட்டார்கள். ஆனால் அவர்களுடைய இருப்பிடத்துக்கு "மீனவர் குப்பம்" என்று ஒரே வரிதான் எழுதினேன். அங்கே நூறு வீடு இருந்தது.

மனுவை அப்பா கலெக்டர் ஆபீசில் கொடுத்த பிறகு, பங்குனியில் ஒரு சனிக்கிழமை. அரைநாள் பள்ளி முடிந்து, அக்காவின் காலுக்குப் போட அம்மா கொடுத்த களிம்பை எடுத்துக்கொண்டு நான் தோப்புக்குப் போனேன். நல்ல உச்சிவெயில். இரண்டு லாரிகள் வரும் சத்தம் கேட்டதும் அக்கா என்னை விறகுக் குவியலுக்குப் பின்னால் தள்ளி உட்கார் என்றாள்.

முப்பது பேருக்கு மேல் இறங்கினார்கள். கையில் இரும்புக் குழாய். பண்ணை மேனேஜர் சலவைச் சட்டையோடு லாரியின் முன்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு ஆள் கையில் ஜெராக்ஸ் காகிதம். அவன் பெயரைப் படிக்கப் படிக்க மற்றவர்கள் இழுத்து வந்தார்கள். நான் இருந்த விறகுக்குப் பக்கத்தில் அவன் நின்றபோது அந்த இரட்டைக்கோட்டைப் பார்த்தேன். என் எழுத்து. அவன் எங்கேயும் தடுமாறவில்லை. அவ்வளவு தெளிவாக எழுதியிருந்தேன்.

பெயர் படிக்கப்பட்டவர்களை முட்டியில் அடித்தார்கள். பெண்களை முடியைப் பிடித்துச் சாம்பல் மேட்டில் உருட்டினார்கள். பாம்புக்காரரிடம் ரேகை வைத்த கை எது என்று கேட்டார்கள். மறுபடி ரேகை வைக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்து அவரே இடதுகையை நீட்டினார். அதை அவர் வீட்டு அம்மிக்கல் மேல் வைத்து, குழவியால் கட்டைவிரலை அடித்தார்கள். மூன்று அடி. மூன்றாவது அடிக்குச் சத்தம் மாறிவிட்டது. ஈரமான சத்தம். அதற்குப் பிறகு கூரைக்கு நெருப்பு வைத்தார்கள். பனையோலை பங்குனி வெயிலில் காய்ந்து கிடந்தது, நெருப்பு ஓடியே போனது. கடைசிக் குடிசையில் பாம்புக்காரரின் அப்பா இருந்தார். கண் தெரியாதவர். அவர் பெயரும் மனுவில் இருந்தது. அதைப் படித்தபோது யாரும் வரவில்லை என்று அவன் அடுத்த பெயருக்குப் போய்விட்டான்.

நான் ரோட்டுக்கு ஓடினேன். பள்ளிக்கூடத்துக்குப் போய் அப்பாவைக் கூப்பிடத்தான் ஓடினேன். அப்பா ரோட்டிலேயே இருந்தார். புகையைப் பார்த்து வந்தவர், அங்கே நின்றிருந்த போலீஸ் ஜீப்பைக் கண்டு அதனிடம் போயிருக்கிறார். ஜீப்பின் நிழலில் ஒரு மடக்கு நாற்காலி. அதில் அப்பா உட்கார்ந்திருந்தார். கையில் கோலி சோடா. இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்று பொறுமையாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கூடுதல் போலீசுக்குச் சொல்லியனுப்பியிருக்கிறோம், அவர்கள் வந்ததும் போகலாம், நீங்கள் உள்ளே போனால் உங்களுக்கு ஆபத்து என்று சொன்னாராம். அப்பா நம்பினார். இத்தனை வருஷம் கழித்தும் அதைத்தான் நான் நம்ப விரும்புகிறேன், அவர் நம்பினார் என்று. தோப்பிலிருந்து கேட்ட அலறல் அந்த நாற்காலிவரை நன்றாகக் கேட்டது. அவர் சோடாவைக் குடிக்கவில்லை, கீழேயும் வைக்கவில்லை.

குப்பத்திலிருந்து துடுப்போடு ஆட்கள் ஓடிவந்த பிறகுதான் லாரிகள் கிளம்பின. அடுப்பு நெருப்பு பட்டு விபத்து என்று போலீஸ் எழுதியது. இறந்தவர் ஒருவர். மோட்டார் திருடியதாகப் பாம்புக்காரர்மேல் வழக்கு. நாலு நாள் வைத்திருந்து, கட்டைவிரல் இருந்த இடத்தில் அழுக்குத் துணி சுற்றி அனுப்பினார்கள்.

அப்பா பள்ளிக்கூடத்தின் இரண்டு வகுப்பறைகளைத் திறந்து அவர்களைத் தங்கவைத்தார். அனுமதி கேட்கவில்லை. அதற்காகப் பிறகு அவருக்கு மெமோ வந்தது. அவர்களுக்கு அம்மா சமைத்துப் போட்டாள். பத்து நாளைக்கு அப்பா வீட்டில் சவரக் கண்ணாடியைத் திருப்பி வைத்திருந்தார். மனுவின் நகல் எப்படிப் பண்ணைக்குப் போனது என்று கேட்டு இன்னொரு மனு எழுத உட்கார்ந்தார். என்னைக் கூப்பிட்டார். நான் போகவில்லை. அவரும் மறுபடி கூப்பிடவில்லை.

அக்காதான் ஒருநாள் வகுப்பறை வாசலில் அவரை நிறுத்தினாள். திட்டுவாள் என்று நினைத்தேன். சித்திரை அமாவாசைக்குக் கழிமுகத்தை வெட்டப்போகிறோம், வருகிறீர்களா என்று கேட்டாள். அப்பா தலையாட்டினார். எதுவும் எழுதவேண்டாம் சார், மம்மட்டி மட்டும் எடுத்துகினு வாங்க என்றாள்.

அன்று காலை கடல் எங்கேயோ தூரத்தில் கிடந்தது. குப்பத்து ஆண்களும் பெண்களும், இருளர்கள் எல்லாரும், எங்கள் அம்மாகூட வந்திருந்தாள். ஒரு கூட்டம் பண்ணை வாய்க்காலை மூட்டை போட்டு அடைத்தது. மற்றவர்கள் மணலில். பாம்புக்காரர் வெறுங்காலால் மணலை மிதித்து நடந்து இங்கே, இங்கே என்று சொல்லச் சொல்ல, மம்மட்டி, அன்னக்கூடை, உடைந்த படகுப் பலகை, கையில் கிடைத்ததையெல்லாம் வைத்து வெட்டினார்கள். சில பெண்கள் வெறும் கையால் நாய் பறிப்பதுபோல் பறித்தார்கள். இடுப்பாழம் போனதும் மணல் கறுத்து, நாற்றத்தோடு தண்ணீர் ஊறியது. பழைய தடம் அதுதான்.

லாரிகள் வந்தன. இந்தத் தடவை யாரும் ஓடவில்லை. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சினிமாச் சண்டை மாதிரி இல்லை. எல்லாரும் முழங்கால் சேற்றில் வழுக்கிக்கொண்டு, மூச்சிரைத்துக்கொண்டு, பேசாமல் அடித்துக்கொண்டார்கள். குழாய் எலும்பில் படும் சத்தமும் முனகலும்தான். தலைவர் துடுப்பால் ஒருவன் வாயில் அடித்ததில் பற்கள் மணலில் தெறித்தன. அப்பா மம்மட்டியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு பள்ளத்தின் முன்னால் நின்றார். அவர் யாரையும் அடிக்கவில்லை. அவருடைய இடது கண்ணில் குழாய் விழுந்தது. அந்தக் கண் பிறகு பார்க்கவே இல்லை.

ஒருவன் அக்காவின் முடியைக் கையில் சுற்றி அவள் முகத்தைச் சேற்றுக்குள் அழுத்திக்கொண்டிருந்தான். அவள் கால்கள் உதறின. பிறகு உதறுவது குறைந்தது. நான் அவன் கையின் மேல் விழுந்து மணிக்கட்டுக்கு மேலே கடித்தேன். விடவில்லை. அவன் உதறினான், என் தலையில் குத்தினான், நான் இன்னும் அழுத்தினேன். பல்லுக்கு நடுவில் ஏதோ அறுந்தது. வாய் நிறைய வெதுவெதுப்பாக வந்தது, உப்பாக. எனக்கு அப்போது பயமே இல்லை. சந்தோஷமாக இருந்தது. இதை நான் என் பிள்ளைகளிடம் சொன்னதில்லை.

அதற்குள் தண்ணீர் உடைத்துக்கொண்டது. முதலில் ஒரு கோடு, பிறகு ஒரு வாய்க்கால், பிறகு இரண்டு கரையும் பாளம் பாளமாக இடிந்து விழ, கறுப்புத் தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு கடலுக்கு ஓடியது. அடிக்கிறவர்களும் அடிபட்டவர்களும் விழுந்தடித்து இரண்டு பக்கமும் ஏறினார்கள். சண்டை அதனால்தான் நின்றது. பிற்பகலில் கடல் திரும்பி உள்ளே வந்தபோது கழியில் ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல்தடவையாகத் தண்ணீர் தெளிந்து அடிமண் தெரிந்தது.

பண்ணை மூன்று வருஷத்தில் மூடியது. எங்கள் சண்டையாலா, அந்தக் கரையெங்கும் இறாலுக்கு வந்த நோயாலா என்று கேட்டால், இரண்டும்தான். உங்களில் சிலர் இப்போது அந்த இடத்தில் வீட்டுமனை வாங்கியிருக்கிறீர்கள். இன்றும் கோடையில் கழிமுகம் மூடினால் குப்பத்துக்காரர்களும் இருளர்களும் சேர்ந்துதான் வெட்டுகிறார்கள்.

அந்தச் சண்டைக்காகப் போட்ட வழக்கு மட்டும் பண்ணையோடு முடியவில்லை. எங்கள் பக்கத்தில் நாற்பது பேர் மேல் போட்டிருந்தார்கள். கோர்ட்டில் அது வரும்போது எனக்குப் பதினைந்து வயது. அப்பாவோடு போய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கடிபட்டவன் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினான். இரண்டு விரல் மடங்காமல் போயிருந்தது. தான் முடியைப் பிடித்திருந்த பெண்தான் கடித்தாள் என்று அக்காவைக் காட்டினான். அவன் பொய் சொல்லவில்லை. சேறு அப்பிய இரண்டு தலைகளில் கடித்தது எது என்று அவனுக்குத் தெரிந்திருக்காது, அவன் அப்படித்தான் நினைத்தான். தழும்பு சின்னதாக, வளைவாக இருந்தது. அப்பா தன் ஒற்றைக்கண்ணால் அதைப் பார்த்தார். பிறகு என் வாயைப் பார்த்தார். வெளியே வந்ததும் தூணுக்குப் பின்னால் நிறுத்தி, "வாயைத் திறக்காதே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் திறக்கவில்லை. அக்காவுக்கு மூன்று மாதம் கிடைத்தது.

அவள் வெளியே வந்த அன்று அப்பாவும் நானும்தான் போய்க் கூட்டிவந்தோம். செங்கல்பட்டில் பஸ் மாறினோம். அப்பா முன்னால் உட்கார்ந்தார், நானும் அவளும் அடுத்த சீட்டில். அவள் மெலிந்திருந்தாள். ஜன்னலோரம் கேட்டு உட்கார்ந்தாள். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை நான் வார்த்தைகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். பிறகு சொன்னேன். அந்த ஆளைக் கடித்தது நான்தான் அக்கா.

"தெரியுமே" என்றாள். "நீ மேல வந்து வுழுந்தது எனக்குத் தெரியாதா?"

அப்புறம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். எனக்காகத்தான் சொல்லாமல் இருந்தேன் என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அதற்கு அழுவதற்குத் தயாராகவும் இருந்தேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாக இல்லை. ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"அவன கேட்டாங்க, போலீஸ கேட்டாங்க, டாக்டர கேட்டாங்க" என்றாள். "என்ன யாரும் கேக்கவே இல்ல பாப்பா."

முன்சீட்டில் அப்பாவின் கழுத்து அசையவில்லை. பஸ் மாமல்லபுரம் ரோட்டில் திரும்பியது. அவள் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பி, காற்றில் முகத்தை வைத்துக்கொண்டாள்.